சி மவுத் ஆர்கனுக்கு ஜி டிராக்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது என் இடது காது நின்றுபோனது. வலி இல்லை, சத்தம் இல்லை. தண்ணீர் போய் அடைத்துக்கொண்டது என்று நினைத்துத் தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு வயதுப் பெண் குளியலறையில் குதிப்பதைக் கண்ட என் கணவர், கழன்றது காது மட்டும்தானா என்று கேட்டார். மறுநாளும் திறக்காததால் மருத்துவமனைக்குப் போனோம். முதல் நாளே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் கடிந்துகொண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. ஆனால் வந்தது பழைய காது இல்லை. அந்தப் பக்கம் யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. கொஞ்ச நாளைக்கு ஒரே சுரம் இரண்டு காதிலும் வேறு வேறாகக் கேட்கலாம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அதில் முதல் பாதியை மட்டும்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

செவிடாகிவிடுவேன் என்று நான் பயப்படவில்லை. ஒரு காது போனாலும் இன்னொன்று இருக்கிறது. என் பயம் வேறு. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் முப்பது வருடமாக ஆல்டோ பாடுகிறேன். ஆல்டோ என்பது பெண்களில் கீழ்க்குரல். ராகத்தையும் பாராட்டையும் மேல்குரல்காரிகள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் நடுவில் நின்று இட்டு நிரப்புகிறவர்கள். சரியாகப் பாடினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், தப்பினால் கடைசி வரிசையில் தூங்குகிறவர்கூடக் கண்ணைத் திறப்பார். எனக்கு அந்த வேலை பிடிக்கும். வாரத்தில் நான் எரிச்சல் இல்லாமல் இருக்கும் ஒன்றரை மணி நேரம் சனிக்கிழமை ஒத்திகைதான் என்று கணவரே சொல்வார். சுருதி தெரியாத காதை வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடியுமா, முடியாதா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

குழுவை நடத்துகிறவர் பள்ளி ஆசிரியை. என்னைவிடப் பத்து வயது இளையவர் என்றாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர். ஓய்வெடுங்கள், ஈஸ்டர் பாட்டுகளின் ஒத்திகை தொடங்கும்போது முடிவு சொன்னால் போதும் என்றார். அப்போது ஆகஸ்ட் மாதம். எனக்கு நான்கைந்து மாதம் இருந்தது.

மவுத் ஆர்கன் வாங்கியது அதற்காகத்தான். குரலுக்குச் சுருதி கொடுப்பது காது. மவுத் ஆர்கனுக்குச் சுருதி அதன் உள்ளே இருக்கும் சின்னப் பித்தளைத் தகட்டில் இருக்கிறது. என் காது எந்த லட்சணத்தில் இருந்தாலும் சி என்று சுருதியின் எழுத்தை அச்சடித்த மவுத் ஆர்கனிலிருந்து சி-யின் சுரங்கள்தான் வரும். கூட ஒரு பின்னணி இசை, டிராக் என்பார்கள், ஓட வேண்டும். அதுவும் பதிவு செய்தது, மாறாது. இரண்டும் பொருந்தி நிற்பதாக எனக்குக் கேட்டால் காது தேறிவிட்டது. கேட்காவிட்டால் போய்விட்டது. நானே எனக்கு வைத்துக்கொண்ட பரீட்சை இது. மிகவும் கெட்டிக்காரத்தனமாக யோசித்துவிட்டதாக அப்போது நினைத்தேன்.

ஞானப்பாட்டுகளை வாசித்திருக்கலாம். இரண்டு நாள் முயன்றேன், அழுகை வந்தது, நிறுத்திவிட்டேன். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று தேடினால் பாதிக்கு மேல் புளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைதான் வந்தது. பன்னிரண்டு தாளக்கட்டில் ஒரு சுற்று, கார்டு என்கிற சுரக்கூட்டு மூன்றே மூன்று, திரும்பத் திரும்ப. எங்கள் சபையில் யாருக்கும் தெரியாத இசை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. திருத்த ஆள் இல்லை.

அதில் ஒரு விநோதம் உண்டு. சி மவுத் ஆர்கனைச் சி-யிலேயே வாசிப்பது முதல் பொசிஷன். புளூஸ்காரர்களுக்கு அது போதாது. அவர்கள் ஊதுவதைவிட உறிஞ்சுவதுதான் அதிகம். உறிஞ்சும்போதுதான் சுரத்தை வளைக்க முடிகிறது, அந்த வளைவில்தான் அழுகை இருக்கிறது. அதனால் சி மவுத் ஆர்கனைக் கையில் வைத்துக்கொண்டு ஜி-யை வீடாக்கிக்கொள்கிறார்கள். நாங்கள் பாடகர் குழுவில் கற்ற டோ, ரே, மீ கணக்கில் சொன்னால், சோ-வை டோ-வாக எடுத்துக்கொள்வது. இது இரண்டாம் பொசிஷன். எந்த மவுத் ஆர்கனுக்கு எந்த டிராக் என்பதற்கு விரல் விட்டு எண்ண வேண்டும். சி, டி, ஈ, எஃப், ஜி. சுண்டுவிரலில் ஜி வந்து நிற்கிறது. சி மவுத் ஆர்கனுக்கு ஜி டிராக். ஏ-க்கு ஈ. டி-க்கு ஏ. என்னிடம் இந்த மூன்றும்தான் இருந்தன, ஆக மூன்று விதி. மூன்றாம் பொசிஷனும் உண்டு, சி-க்கு டி மைனர். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தேன்.

டிராக்குகளை என் தம்பி செய்து கொடுத்தான். அவன் கிள்ளானில் இருக்கிறான். பகலில் துறைமுகத்துக் கிடங்கில் வேலை, வார இறுதியில் கல்யாண வரவேற்புகளில் கீபோர்ட் வாசிப்பான். எங்கள் குடும்பத்தில் நல்ல காது என்றால் அவனுடையதுதான். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எந்தச் சுரம் என்று சொல்வான், நாங்களும் நம்புவோம். இணையத்தில் ஆயிரம் டிராக் கிடக்கிறது. ஆனால் எந்த ஊர்க்காரர் எதற்கு என்ன பெயர் வைத்தாரோ, அதை எப்படி நம்புவது? ஒரே நாளில் மெதுவான ஆறு டிராக்குகளைத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஒவ்வொன்றுக்கும் சுத்தமாகப் பெயர் எழுதியிருந்தான்: ஏ, சி, டி, ஈ, எஃப், ஜி.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறேன். கொதிகலனில் சுத்தம் செய்த கருவிகளைப் பொட்டலம் கட்டி, தேதியும் பெயரும் எழுதி ஒட்டுவது என் வேலையில் பாதி. லேபிள் ஒட்டியிருந்தால் நம்பிவிடுவேன். பிரித்துப் பார்த்தால் சுத்தம் போய்விடும். இந்தப் புத்தி பல் மருத்துவத்துக்கு நல்லது.

ஒரு மணியிலிருந்து இரண்டு வரை மருத்துவர் கடையைச் சாத்திவிடுவார். நான் பின்சந்தில் நிறுத்தியிருக்கும் காரில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, டிராக்கைக் கார் ஸ்பீக்கரில் போட்டு வாசிப்பேன். சந்து வழியாகப் போகிற பூக்கடை அக்கா நான் தினமும் சோளக்கதிர் சாப்பிடுவதாக ரொம்ப நாள் நினைத்திருந்தார். ஒரு நாள் கண்ணாடியைத் தட்டி, எந்தக் கடையில் வாங்குகிறேன் என்றுகூடக் கேட்டார்.

சி மவுத் ஆர்கன், ஜி டிராக். முதல் நாள் மோசமாக இருந்தது, முதல் நாள் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது வாரமும் மோசமாக இருந்தது. மூச்சு போதவில்லை என்று நினைத்தேன். மூச்சைச் சரிசெய்தேன். இரண்டாவது ஓட்டையை உறிஞ்சினால் வரும் ஜி-தான் வீடு என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். பாட்டு எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கே வந்து உட்கார வேண்டும். நான் வந்து உட்கார்ந்தேன், டிராக் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எதுவோ பாதியில் நின்ற மாதிரி, யாரோ பக்கத்தில் நின்று முறைப்பது மாதிரி இருந்தது. போனில் சுருதி பார்க்கும் செயலியை இறக்கி மூன்று மவுத் ஆர்கனையும் சோதித்தேன். முள் நடுவில் நின்றது, மூன்றும் உத்தமம். டிராக்கிலும் வைத்துப் பார்த்தேன், பல சுரங்கள் ஒன்றாக வருவதால் முள் இங்கும் அங்கும் ஆடியது. அதை அதோடு விட்டுவிட்டேன். தம்பி செய்ததைப் போய்ச் சோதிப்பதாவது.

மவுத் ஆர்கன் சரி, டிராக் சரி. மிச்சம் இருந்தது என் காது மட்டும்.

ஒரு நாள் கை தவறி எஃப் டிராக் ஓட ஆரம்பித்தது. நான் கவனிக்காமல் சி மவுத் ஆர்கனில் வாசித்துக்கொண்டு போனேன். இரண்டாவது ஓட்டையை உறிஞ்சி வீட்டுக்கு வந்தேன், வீடு இருந்தது. அவ்வளவு இதமாக இருந்தது. ஒரு சுற்று முழுவதும் வாசித்தேன், இன்னொரு சுற்று வாசித்தேன், வெற்றிலை போட்டவள் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம்தான் போன் திரையைப் பார்த்தேன். எஃப். விரல் விட்டு எண்ணினேன். எந்தக் கணக்கிலும் சி-க்கு எஃப் வரவில்லை. அதாவது எது எனக்கு இனிமையாகக் கேட்கிறதோ அது தப்பு, எது நாராசமாகக் கேட்கிறதோ அதுதான் சரி. காரை அணைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு வந்த நோயாளிகள் யாருக்கும் என் முகம் பிடித்திருக்காது.

நான் எதையும் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. பழைய நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு எழுதினேன். ஒரு பக்கம் மவுத் ஆர்கன், ஒரு பக்கம் விதி சொல்லும் டிராக், ஒரு பக்கம் என் காது சொல்லும் டிராக். சி-க்கு விதி ஜி, காது எஃப். ஏ-க்கு விதி ஈ, காது டி. டி-க்கு விதி ஏ, காது ஜி. ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு முழுச்சுரம் வித்தியாசம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் காது டிராக்கை ஒரு முழுச்சுரம் தள்ளிக் கேட்கிறது என்று முடிவுக்கு வந்தேன்.

இதில் ஓர் ஓட்டை இருப்பது எனக்கே தெரிந்தது. காது தள்ளிக் கேட்டால் மவுத் ஆர்கனையும் சேர்த்துத்தானே தள்ளிக் கேட்க வேண்டும்? அதற்கும் பதில் கண்டுபிடித்தேன். மருத்துவமனையில் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு கருவியை வைத்துச் சோதித்தது ஞாபகம் வந்தது. சத்தம் எலும்பு வழியாகவும் போகும் என்றார்கள். மவுத் ஆர்கன் வாயில் இருக்கிறது, அதன் சத்தம் பல் வழியாக, மண்டை எலும்பு வழியாக நேரே உள்ளே போய்விடுகிறது. டிராக் மட்டும் கெட்டுப்போன காது வழியாக வருகிறது. பல் மருத்துவரிடம் இருபது வருடம் வேலை பார்த்ததற்குப் பலன் இது. தப்பான முடிவுக்கு ஒருவர் இவ்வளவு பாடுபட்டுத் தூண் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

டிசம்பரில் டாக்டர் மறுபடி சோதித்தார். கோடு நன்றாக ஏறியிருக்கிறது, ஏறக்குறைய பழைய மாதிரிதான் என்று சந்தோஷப்பட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். என் கட்டத்தை அவரிடம் காட்டவில்லை. அவருடைய இயந்திரம் சத்தம் கேட்கிறதா என்றுதான் பார்க்கிறது, எந்தச் சுரமாகக் கேட்கிறது என்று பார்ப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி கடைசியில் டீச்சரைக் கூப்பிட்டு, ஈஸ்டருக்கு வரவில்லை, இனிமேலும் வரவில்லை என்றேன். ஒரு தடவை வந்து நின்று பாடிப் பாருங்கள் என்று இரண்டு முறை கேட்டார். பாடிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்குக் கணக்காகத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். என் இடத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். ஈஸ்டர் காலையில் நான் சபையாரோடு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டுக்குக்கூட வாயைத் திறக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் இருந்த கணவர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. என் ஆல்டோ வரி அங்கே நான் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பெண் நன்றாகத்தான் பாடினாள், அது இன்னும் வலித்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை மதியம் தம்பி வீட்டில் சாப்பாடு. அன்று மாலை அவனுக்கு ஒரு கல்யாண வரவேற்பு இருந்ததால் கீபோர்ட் வரவேற்பறையிலேயே நின்றது. சாப்பிட்டு முடித்ததும், மவுத் ஆர்கன் என்ன ஆனது என்று கேட்டான். பல மாதமாக அவன் கேட்பான், நான் ஏதாவது சொல்லி நழுவுவேன். அன்று என் கைப்பையிலேயே இருந்தது, அவன் பார்த்துவிட்டான். சி-தானே, நான் ஜி-யில் போகிறேன் என்று சொல்லி உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டான். வேண்டாம் என்றேன். நிறுத்தவில்லை. கேட்டுத் தொலையட்டும் என்று இரண்டாவது ஓட்டையை உறிஞ்சி வழக்கமான வரியை வாசித்து வீட்டுக்கு வந்தேன். அதே நாராசம். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தம்பியின் முகம் எலுமிச்சம்பழம் கடித்த மாதிரி சுருங்கியிருந்தது.

"அக்கா, அது சி-தானா?"

மவுத் ஆர்கனை உதட்டிலிருந்து எடுத்தேன். பதில் சொல்லாமல் நான் வேறு கேட்டேன்.

"உனக்கும் தப்பாவா கேக்குது?"

"தப்பாத்தான் கேக்குது. யாருக்கும் தப்பாத்தான்லா கேக்கும்."

மவுத் ஆர்கனை வாங்கித் திருப்பிப் பார்த்தான். சி என்றுதான் இருந்தது. ஒரு சுரம் ஊதச் சொன்னான். நான் சி-யை ஊத, அவன் கீபோர்டில் சி கட்டையை அழுத்தினான். இரண்டும் முட்டிக்கொண்டன. அப்புறம்தான் கீபோர்டின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தான். அதன் ஓரத்தில் டிரான்ஸ்போஸ் என்பதற்குப் பக்கத்தில் கூட்டல் இரண்டு என்று இருந்தது.

எங்கள் ஊர் கல்யாண மேடைகளில் கீபோர்ட் வாசிக்கிறவர்கள் பலர் இப்படித்தான். பாடகர் இன்னும் கொஞ்சம் ஏற்று என்பார். கஷ்டமான கட்டைகளுக்கு விரலை மாற்றிப் பழகுவதற்குப் பதிலாக இவர்கள் அந்தப் பட்டனை, தடவைக்கு அரைச்சுரமாக, இரண்டு தடவை அழுத்திவிட்டு, கை பழகிய இடத்திலேயே வாசிப்பார்கள். விரல் ஜி-யில் இருக்கும், சத்தம் ஏ-யில் வரும். தம்பி ஐந்து வருடமாக ஒரே பாடகரோடு போகிறான். அவருக்கு எப்போதும் இரண்டு ஏற்ற வேண்டும். அதனால் கீபோர்டைத் திறந்தாலே கூட்டல் இரண்டில் நிற்கும்படி சேமித்து வைத்திருக்கிறான். அந்தக் கீபோர்டில்தான் எனக்கு ஆறு டிராக் செய்தான், விரல் இருந்த இடத்தைப் பெயராக எழுதினான். அவன் எழுதிய எஃப் உண்மையில் ஜி. அதனால்தான் சி மவுத் ஆர்கனுக்கு அது உட்கார்ந்தது. என் கட்டத்தில் காது என்று போட்டிருந்த வரிசை முழுவதும் சரி.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து மெல்ல நிறுத்தினான். காதைப் பற்றியும் கட்டத்தைப் பற்றியும் பாடகர் குழுவை விட்டதைப் பற்றியும் சொன்னேன். காது சரியாகிவிட்டது என்று நான் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்ததால் அவனுக்கு எதுவும் தெரியாது. கட்டைகளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"ஏங்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உன் காது மேல எனக்குச் சந்தேகமே வரலடா. என் காது மேலதான் வந்துச்சு."

அவன் பட்டனை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். மறுபடி ஜி-யில் ஆரம்பித்தான். நான் வாசித்தேன், பொருந்தியது. இரண்டு சுற்று வாசித்ததும் மூக்கு அடைத்துக்கொண்டது, மவுத் ஆர்கனில் அழுதுகொண்டே உறிஞ்ச முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தம்பி மேல் கோபம் வரவில்லை. என் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. டாக்டர் சொன்னதை நம்பவில்லை, டீச்சர் கேட்டதற்கு மசியவில்லை, ஒவ்வொரு மதியமும் அந்தக் காது காருக்குள் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது, அதையும் நம்பவில்லை. நான் நம்பியது வாட்ஸ்அப்பில் வந்த ஓர் எழுத்தை.

கிள்ளானிலிருந்து திரும்பும் வழியிலேயே டீச்சரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னால் நீளமாகிவிடும் என்று, வந்து பாடிப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார். என் இடத்தில் நின்ற பெண் நகர்ந்து எனக்கு வலது பக்கம் இடம் கொடுத்தாள். எல்லோரும் அவள் என்னிடம் கற்றுக்கொள்வாள் என்றார்கள், பாட்டுத்தாளில் எந்தப் பக்கம் என்று அவள்தான் எனக்குக் காட்டினாள்.

முதல் பாட்டு தெரிந்த பாட்டுதான். இரண்டாவது வரிவரை நன்றாகப் போனேன். மூன்றாவது வரியில் ஆல்டோ ஓர் இடத்தில் மேலே ஏறி நான்கு எண்ணிக்கை நிற்க வேண்டும். எட்டு மாதம் பாடாத தொண்டை, ஏறியது, ஆனால் போய்ச் சேரவில்லை. ஒரு மயிரிழை கீழே நின்றது. டீச்சர் அப்போது ஆண்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண் தன் பாட்டில் இருந்தாள். யாரும் திரும்பவில்லை. எனக்குத் தெளிவாகக் கேட்டது, இரண்டு காதிலும் கேட்டது. பாட்டு முடிந்ததும் டீச்சர் தாளைப் புரட்டப் போனார், நான் கையைத் தூக்கினேன்.

"டீச்சர், மூணாவது வரியில நான்தான் இறங்கிட்டேன். இன்னொரு தடவ போலாமா?"

அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு தப்பை ஒப்புக்கொண்டதே இல்லை.